கடல்நாய்களின் இயற்கைச் சத்தம்

அன்றைக்குப் பத்மநாதன் வீட்டு முன்னறையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பிறகு இந்தக் கதையைக் கண்ணால் கண்டதுபோலச் சொல்லித் திரிந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தத் தெருவுக்கே வந்ததில்லை.

வீட்டுக்காரர் பத்மநாதன் இருந்தார். இன்சூரன்ஸ் கொம்பனி ஒன்றில் கணக்காளர்; லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் சொந்த வீடு. அவருடைய மனைவி சிவகௌரி இருந்தார். ஒரே மகள் சுகந்தினி, மருந்துக்கடையில் மருந்தாளர், சேலை உடுத்துத் தேநீர்த் தட்டோடு கதவடியில் நின்றாள். வெம்பிளியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் மூவர் வந்திருந்தார்கள்: தாய் தவநாயகி, மகன் குகதாசன், தகப்பன் பாலேந்திரா. பாலேந்திரா வந்திருந்தார் என்று சொல்லலாம். இருந்தார் என்று சொல்வது கொஞ்சம் கூடுதல். தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழே, வயர்களுக்கு நடுவில், கலியாண வீடியோக்காரன் பெனடிக்ற் குந்தியிருந்தான். சுவரோரக் கதிரையில், சாய்மானம் இருந்தும் சாயாமல், கமலாம்பிகை இருந்தார்.

கமலாம்பிகை பத்மநாதனின் மூத்த அக்கா. ஊரில் பெண்கள் பாடசாலை ஒன்றின் அதிபராக இருந்தவர். ஆமிக்காரர் பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து இருந்தபோது, அவர்கள் எடுத்த கதிரைகளைத் திருப்பித் தரச்சொல்லி வாசலில் போய் நின்றவர். தொண்ணூறில் லண்டன் வந்த பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை. குடும்பத்தில் ஒரு நல்லது கெட்டது, ஒரு கோபம், ஒரு சமாதானம், எதுவும் அவர் சொல்லாமல் தொடங்கியதில்லை.

அன்று முடிவாக வேண்டியது சுகந்தினிக்கும் குகதாசனுக்கும் சம்பந்தம் சரிவருமா என்பது. பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே அந்த இருவருக்கும் அது சரிவந்துவிட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாததுபோல நடந்துகொள்வதுதான் மரியாதை என்பதால் எல்லோரும் மரியாதையாக இருந்தார்கள்.

நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் சுவிற்சர்லாந்து.

அந்த வருடம், தொண்ணூற்றாறில், மாசி மாதம் பெண் வீட்டார் முதல்முறை வெம்பிளிக்குப் போயிருந்தார்கள். பலகாரம் வந்தது. தேநீர் வந்தது. அடுத்ததாகத் தவநாயகி குடும்பம் சுவிற்சர்லாந்து போய்வந்த வீடியோ வந்தது. பாலேந்திரா கேபிள் காரில் ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். தவநாயகி பட்டுச்சேலைக்கு மேல் கம்பளிக் கோட்டுப் போட்டுப் பனியை அள்ளி வீசினார். பின்னணியில் முதலிலிருந்து கடைசிவரை சினிமாப் பாட்டு. பெண் வீட்டார் வாய் நிறையப் பலகாரத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வரும்போது பத்மநாதன் வெம்பிளியிலிருந்து தோர்ண்டன் ஹீத் வரைக்கும், ரயில் மாறி ரயில் மாறி, வாயே திறக்கவில்லை. வீட்டுக் கதவைத் திறந்த பிறகுதான் திறந்தார்.

“பனியில என்ன கிடக்கு? பனி இஞ்சயும்தானே கொட்டுது.”

அடுத்த கிழமை ஒரு வழவழப்பான புத்தகத்தோடு வந்தார். அட்டையில் ஒரு யானை பாலைவனத்தில் நின்றது. நமீபியா. ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரையில் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பாலைவனம், எந்தப் பக்கமும் தமிழர் இல்லை. அந்தக் கடைசிச் சிறப்புத்தான் பத்மநாதனை இழுத்தது.

“ஆர் இருக்கினம் அங்க?” என்று கமலாம்பிகை கேட்டார்.

“எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை அக்கா. அதுதான் விசேஷம்.”

“ஒருத்தரும் இல்லாத இடத்துக்கு என்னத்துக்குப் போறாய்?”

“காட்டு மிருகம் பாக்க. மணல் மலை ஏற. அட்வெஞ்சர் அக்கா.”

“ஊரிலயிருந்து உயிர் தப்பி வந்தது காணாதோ உனக்கு?”

“அது நீங்கள் அக்கா. நான் எழுபத்திரண்டில பிளேனில வந்தனான்.”

சுகந்தினிக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. லூயிஷாமில் சிவகௌரியின் தமக்கை வீட்டில் அவளை விட்டுவிட்டு, அவளுக்கென்று எடுத்த இடத்தில் கமலாம்பிகையை ஏற்றினார்கள். தம்பி குடும்பம் வனாந்தரத்தில் போய் என்ன கூத்து ஆடப்போகிறது என்பதை ஒரு பொறுப்பான ஆள் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்று கமலாம்பிகையும் ஒத்துக்கொண்டார்.

பத்மநாதன் அந்தப் பயணத்துக்கென்று முழங்காலில் சிப் வைத்த காற்சட்டை வாங்கினார். சிப்பைக் கழற்றினால் அது அரைக்காற்சட்டையாகிவிடும். ஆயிரம் பைகள் வைத்த ஒரு மேற்சட்டையும் வாங்கினார். அந்தப் பைகளுக்குள் சிவகௌரி மிளகாய்த்தூளும் ஊறுகாயும் பிரித்துப் பிரித்து வைத்தார்.

பாலைவனம் என்றதும் வெயில் கொளுத்தும் என்று நினைத்து மெல்லிய துணிகளோடு போனவர்கள், கடற்கரைப் பக்கத்தில் முகில் தரையில் இறங்கி நிற்பதைக் கண்டார்கள். குளிரென்றால் பல் கிடுகிடுக்கும் குளிர். அந்தப் பனிமூட்டத்துக்குள் நின்று கமலாம்பிகை சால்வையை இறுக்கிக்கொண்டு சொன்னார்:

“குறொய்டனில பஸ்ஸுக்கு நிண்டிருந்தாலும் இதே காலநிலைதான் தம்பி. பஸ்ஸாவது வந்திருக்கும்.”

வழிகாட்டியாக வந்தவன் ஹென்ட்ரிக் என்ற உள்ளூர் இளைஞன். ஜீப்பை நிறுத்தி, மணலில் ஒரு கறுப்பு வண்டைக் காட்டினான். அது அதிகாலைப் பனிமூட்டத்தில் தலைகீழாக நின்று முதுகில் ஈரம் சேர்த்துக் குடிக்குமாம். பத்மநாதன் வயிறு மணலில் படக் குப்புறப் படுத்துக்கொண்டு அதை வீடியோ எடுத்தார். தோர்ண்டன் ஹீத் குசினியில் ஒரு கரப்பான் ஓடினால் கவுன்சிலுக்குப் போன் பண்ணுகிற மனிதன் அவர்.

பின்னேரமானால் கூடாரம். வந்திருந்த வெள்ளைக்காரர் சிலர் தரையில் படுப்பதை ஒரு பெரிய பாக்கியமாக நினைத்தார்கள். நட்சத்திரம் தெரிகிறது என்று ஒருவரையொருவர் கூப்பிட்டுக் காட்டினார்கள். கமலாம்பிகை கூடாரத் துணியை விரலால் தொட்டுப் பார்த்தார். தடித்த நல்ல துணி. அவர் இடம்பெயர்ந்து போய் ஒரு கோயில் மடத்தின் வெளியே இருந்த காலத்தில் கிடைத்த தறப்பாள் இதைவிட மெல்லியது.

“இதுக்குள்ள படுக்கிறதுக்குக் காசு குடுக்கிற சனத்தை இப்பதான் காணுறன்,” என்றார். “அங்க எங்களுக்குச் சும்மா தந்தவங்கள்.”

காலையில் ஹென்ட்ரிக் நீண்ட கொம்பு வைத்த மான் ஒன்றைக் காட்டினான். எல்லோரும் அதன் அழகைப் பார்த்து மூச்சடக்கினார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு அதே இனத்து மானை நெருப்பில் சுட்டுத் தந்தார்கள், அதற்கும் மூச்சடக்கினார்கள். கமலாம்பிகையும் சிவகௌரியும் சோறும் பருப்பும் காய்ச்சிச் சாப்பிட்டார்கள்.

சிங்கத்தைத் தேடி ஒரு முழுநாள் ஜீப்பில் குலுங்கினார்கள். கடைசியில் ஒரு பற்றைக்குள் ஒரு வால்நுனி ஆடியது. சிங்கம்தான் என்று பத்மநாதன் சத்தியம் பண்ணினார்.

“சிங்கக் கொடி வேண்டாமெண்டுதானேடா ஊரை விட்டு வந்தனாங்கள்,” என்றார் கமலாம்பிகை. “இப்ப சிங்கத்தை விலை குடுத்துத் தேடுறியோ?”

இவ்வளவும் ஒழுங்காகவே நடந்தது. நடுவில், சிவப்பு மணல் மலையில் மட்டும் ஒரு சம்பவம் நடந்தது. அதைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்று கமலாம்பிகை அங்கேயே, மணலில் நின்றபடியே, கட்டளை போட்டுவிட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் பத்மநாதனின் கமரா ஓடிக்கொண்டிருந்தது.

லண்டன் வந்ததும் பத்மநாதன் செய்த வேலைதான் எங்கள் ஆட்களைத் தவிர உலகத்தில் வேறு எவனும் செய்யாத வேலை. எடுத்த கசெற்றுகளை எல்லாம் அள்ளிக்கொண்டுபோய்க் கலியாண வீடியோக்காரனிடம் கொடுத்தார்.

பெனடிக்ற் மன்னார்ப் பெடியன். கெட்டிக்காரன். சைவக் கலியாணமென்றாலும் சேர்ச்சில் நடக்கிற வேதக் கலியாணமென்றாலும் தோர்ண்டன் ஹீத்தில் அவன் கமராதான். தாலிகட்டு, மோதிரம் மாற்றுதல், பெண்பிள்ளைகளின் சாமத்திய வீடு, செத்தவர்களின் அந்தியேட்டி, எல்லாம் அவனுக்குத் தண்ணிபட்ட பாடு. காண்டாமிருகம் மட்டும் பழக்கமில்லை. ஆனால் வந்த வேலையை அவன் விடுகிற ஆளில்லை.

கசெற் கொடுக்கும்போது கமலாம்பிகையும் போயிருந்தார். இரண்டு கட்டளை போட்டார்.

“மணல் மலைத் துண்டை வெட்டி எறியும்.”

“சரி அம்மா.”

“சினிமாப் பாட்டு ஒண்டும் போடக்கூடாது. வெம்பிளிக்காரர் போட்டவை. எங்களுக்கு அந்தக் குறைச்சல் வேண்டாம். மிருகங்கள் இயற்கையாக் கத்தட்டும்.”

பெனடிக்ற் தலையைச் சொறிந்தான். “அம்மா, பாட்டுப் போடாட்டி கமராவுக்குப் பின்னுக்கு நிண்டு கதைக்கிறதெல்லாம் கேக்குமே.”

“எங்கட குடும்பத்தில ஒருத்தரும் பின்னுக்கு நிண்டு கதைக்கிறேல்லை,” என்றார் கமலாம்பிகை.

பெனடிக்ற் கசெற்றுகளை வாங்கிப் பைக்குள் போட்டான்.

கலியாண சீசன் என்பதால் வேலை இழுபட்டது. மாப்பிள்ளை வீட்டார் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் பெனடிக்ற் கசெற்றோடு ஓடி வந்தான். போட்டுப் பார்க்க நேரமில்லை. பயணத்தில் எடுத்ததை முன்னமே கமராவின் சின்னக் கண்ணாடிக்குள்ளால் எல்லோரும் ஒவ்வொரு கண்ணாகப் பார்த்திருந்தார்கள். அதில் படம் தெரியுமே தவிரச் சத்தம் கேட்காது.

பின்னேரம் வெம்பிளிக்காரர் வந்தார்கள். கோட்டுகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். பயிற்றம்பணியாரமும் முறுக்கும் வந்தன. பத்மநாதன் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, பெனடிக்றைப் பார்த்துத் தலையாட்டினார்.

திரையில் முதலில் பிள்ளையார் வந்தார். பிறகு நாதஸ்வரம். பொன் எழுத்தில், “பத்மநாதன் சிவகௌரி தம்பதியினரின் நமீபியப் பயணம்” என்று விரிந்து, அதன்மேல் ரோசாப்பூ இதழ்கள் சொரிந்தன. கமலாம்பிகை தம்பியைத் திரும்பிப் பார்த்தார். தம்பி சுவரைப் பார்த்தார்.

விமானத்தில் ஏறும் சிவகௌரி நாலு மூலையிலிருந்தும் நாலு சிவகௌரியாக வந்து நடுவில் ஒன்றானார். இதய வடிவச் சட்டத்துக்குள் ஒரு ஒட்டகச்சிவிங்கி தலையை நீட்டியது. இரண்டு வரிக்குதிரைகள் தாமரைக்குள் நின்று மெதுவாக, மிக மெதுவாக, முகத்தோடு முகம் உரசின. அந்த இடத்தில் பெனடிக்றுக்குக் கை சும்மா இருக்கவில்லை, கெட்டிமேளம் போட்டுவிட்டான். சினிமாப் பாட்டுத்தானே கூடாது என்றார்கள்.

“நல்ல எடிற்றிங்,” என்றான் குகதாசன், உதட்டைக் கடித்துக்கொண்டு. கதவடியில் தேநீர்க் கோப்பைகள் கிணுகிணுத்தன. சுகந்தினி சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

பத்மநாதன் நாட்டின் வரலாற்றை விளக்கத் தொடங்கினார். பாலேந்திரா அன்று முதன்முறையாக வாய் திறந்தார்.

“அவைக்கு எப்ப சுதந்திரம் கிடைச்சது?”

“தொண்ணூறில.”

“ம், அவைக்காவது கிடைச்சிட்டுது,” என்றார் பாலேந்திரா.

தவநாயகி விரல் நுனியால் பணியாரத்தைப் பிட்டுக்கொண்டே, “எங்கட சுவிஸ் வீடியோ இதைவிடக் கொஞ்சம் கிளியர் என்ன?” என்று மகனிடம் கேட்டார். அந்த வாக்கியம் முடிவதற்குள் கடல் வந்தது.

பாறைக் கரை. கண்ணுக்கெட்டிய தூரம் கடல்நாய்கள். ஆயிரக்கணக்கில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, வழுக்கி, படுத்து, எல்லாம் ஒரே நேரத்தில் வாயைத் திறந்து கத்தின. ஆட்டுச் சத்தமும் மாட்டுச் சத்தமும் யாரோ வயிற்றைப் பிரட்டிச் சத்தியெடுக்கும் சத்தமும் சேர்ந்த ஒரு கதறல். பெனடிக்ற் சொன்ன சொல் தவறாமல் அந்த இடத்தில் நாதஸ்வரத்தை நிறுத்தியிருந்தான். இயற்கைச் சத்தம் அறை முழுக்க நிறைந்தது.

அந்தச் சத்தத்துக்கு மேலாக, மைக்குக்குப் பக்கத்தில் நின்ற ஒருவரின் குரல், முப்பது வருடம் பாடசாலை மண்டபத்தின் கடைசி வரிசைவரை கேட்டுப் பழகிய குரல், தெளிவாக வந்தது.

“சிவகௌரி, உந்தச் சத்தத்தை நான் எங்கயோ கேட்டிருக்கிறன்.”

“எங்க மச்சாள்?”

“ரெலிபோனில. வெம்பிளித் தவநாயகி கதைக்கேக்க இப்பிடித்தான். மூச்சும் விடமாட்டா, மற்ற ஆளையும் விடமாட்டா.”

திரையில் கடல்நாய்கள் குலுங்கின. கமரா பிடித்திருந்த பத்மநாதன் சிரித்திருக்க வேண்டும். முன்னறையில் இருந்த பத்மநாதன் சிரிக்கவில்லை.

“பெடியன் எஞ்ஜினியர் எஞ்ஜினியர் எண்டு நிலம் அதிரச் சொல்லுறா. என்ன எஞ்ஜின் எண்டு ஒருநாளாவது சொன்னவவோ?”

“லிப்ட்,” என்றான் குகதாசன், தொலைக்காட்சியைப் பார்த்து, தன்னையறியாமல்.

“அங்க பாருங்கோ மச்சாள், அந்தக் கல்லுக்குப் பின்னால ஒண்டு தனியக் கிடக்கு.” இது சிவகௌரியின் குரல்.

“அது பாலேந்திரா. பாவம், சத்தத்துக்குப் பயந்து தள்ளிப் படுத்திருக்கு.”

பாலேந்திரா முன்னுக்குச் சாய்ந்து அந்தக் கடல்நாயைக் கூர்ந்து பார்த்தார். பெனடிக்ற் பெட்டியின் பொத்தானைத் தேடித் தடவினான். ஆனால் றிமோட் தவநாயகி இருந்த சோபாவின் கைப்பிடியில் கிடந்தது. அவர் அதை எடுத்தார். நிறுத்தவில்லை. பின்னுக்கு விட்டார். சத்தத்தையும் கூட்டினார். கடல்நாய்கள் பின்னோக்கி வழுக்கிப் போய் மறுபடி கத்தின. குரல் மறுபடி வந்தது, இம்முறை தெருவுக்கும் கேட்கும்படி.

முழுவதையும் கேட்டு முடித்த பிறகுதான் தவநாயகி நிறுத்தினார்.

“பகிடிக்குச் சொன்னது...” என்று பத்மநாதன் தொடங்கினார்.

“நான் சொன்னனான்தானே அம்மா, பாட்டுப் போடுவமெண்டு,” என்றான் பெனடிக்ற் பரிதாபமாக. “தவநாயகி ஆரெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? நீங்கள் கடல்நாய்க்கு வைச்ச பேராக்குமெண்டு நினைச்சன்.”

அவன் உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னான்.

தவநாயகி மடியிலிருந்த துகளைத் தட்டினார். எழுந்தார். அவருடைய குரல் அன்று முதன்முறையாகத் தாழ்ந்திருந்தது; அதுதான் பயமாக இருந்தது.

“குரல் ஆரின்ர எண்டு நான் கேக்கத் தேவையில்லை.”

“என்ர குரல்தான்,” என்றார் கமலாம்பிகை. மறைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

“அப்ப பெரியவா வாயால, சொன்னது பிழை எண்டு ஒரு சொல் வரட்டும். நான் இருந்து மிச்சத்தைக் கதைக்கிறன். இல்லாட்டி எங்கட கோட்டுகளை எடுத்துத் தாங்கோ.”

“பிழைதான், பிழைதான்,” என்றார்கள் பத்மநாதனும் சிவகௌரியும் ஒரே நேரத்தில்.

“உங்களை நான் கேக்கேல்லை.”

எல்லோரும் கமலாம்பிகையைப் பார்த்தார்கள். அந்தச் சொல் அவருக்குத் தெரியாத சொல் இல்லை. எத்தனையோ பிள்ளைகளைச் சொல்ல வைத்திருக்கிறார். தன் வாயால் சொன்னதில்லை. கல்வி அதிகாரியிடம் சொன்னதில்லை, ஆமிக்காரனிடம் சொன்னதில்லை, ஹோம் ஒபிஸில் அகதி விசாரணையின்போது தன்னைத் திரும்பத் திரும்பக் கேட்ட அந்தப் பெடியனிடமும் சொன்னதில்லை. அதைவிட, சொன்னது பிழை என்று சொன்னால் அது பொய்யாகும். அந்தச் சத்தத்தை இப்போதுதானே இரண்டு தரம் போட்டுக் கேட்டார்கள்?

சுகந்தினி அழவில்லை. அழுதிருந்தால், மூக்கைத் துடைத்துவிட்டு உள்ளே போ என்று கமலாம்பிகை சொல்லியிருப்பார். விஷயம் அவ்வளவில் முடிந்திருக்கும். அவள் தட்டை மேசையில் வைத்தாள். நடையில் கோட்டு மாட்டும் இடத்துக்குப் போனாள். மாப்பிள்ளை வீட்டாரின் கோட்டுகள் மூன்று. அவள் நாலு கோட்டோடு வந்தாள்.

நாலாவது, சுகந்தினியின் நீலக் கோட்டு.

தவநாயகிகூட அதைக் கண்டு திகைத்துவிட்டார். குகதாசன் சுகந்தினியைப் பார்த்தான். பிறகு எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றான். சிவகௌரி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். ஒரு பெண்பிள்ளை, தாலி ஏறாமல், ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம், பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலால் பார்த்திருக்க, மாப்பிள்ளை வீட்டாரோடு தெருவில் இறங்கிப் போவதென்றால் அந்தக் குடும்பத்துக்கு அதற்குப் பிறகு முகம் என்று ஒன்று இருக்காது. அந்த முகத்தைத்தான் கமலாம்பிகை இவ்வளவு காலமும் காத்து வந்தார்.

அவர் நாலாவது கோட்டைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு சொன்னார்:

“பிள்ளை, எல்லாத்தையும் கொண்டுபோய்க் கொழுவிப்போட்டு வா. படம் இன்னும் முடியேல்லை.”

“முடிஞ்சுது அம்மா,” என்றான் பெனடிக்ற். “இனி எயார்போட் மட்டும்தான்.”

“உன்னை ஆர் கேட்டது? தம்பி, கமராவைக் கொண்டு வா. வெட்டின துண்டைப் போடு.”

பத்மநாதன் தெரியாததுபோலக் கேட்டார். “எந்தத் துண்டு அக்கா?”

“எந்தத் துண்டெண்டு உனக்குத் தெரியும். தவநாயகி, இருங்கோ. இருந்து பாத்துப்போட்டுப் போறதெண்டாப் போங்கோ.”

ஏனோ தவநாயகி இருந்தார். சுகந்தினி இருக்கவில்லை, கோட்டுகளை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். காலையில் திருப்பிக் கொண்டுவந்த மூலக் கசெற்றைக் கமராவுக்குள் போட்டு, பெனடிக்ற் அதைப் பெட்டியோடு பொருத்தினான். இப்போது பிள்ளையார் இல்லை, பூவும் இல்லை. வெறும் வானமும், அதைத் தொடுகிற சிவப்பு மணலும் வந்தன.

நடந்தது இதுதான். வயதானவர்கள் ஜீப்பிலேயே இருக்கலாம் என்று ஹென்ட்ரிக் சொன்னான். அதைக் கேட்ட பிறகு கமலாம்பிகையால் ஜீப்பில் இருக்க முடியுமா? சேலையும் கம்பளிச் சட்டையும் ஓட்டச் சப்பாத்துமாக, எல்லோருக்கும் முன்னால் ஏறி உச்சியில் போய் நின்றார். ஏறின பிறகுதான் கீழே பார்த்தார். கால் நகரவில்லை. முதுகில் தூக்கிக்கொண்டு இறங்குகிறேன் என்று ஹென்ட்ரிக் வந்து குனிந்தான். முன்பின் தெரியாத ஒரு பெடியனின் முதுகில் ஏறுவதா? மற்றவர்கள் மெழுகு பூசிய பலகையில் சறுக்கி விளையாடினார்கள். அந்தப் பலகையில் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார்.

திரையில், உயரத்தில், ஒரு சின்ன உருவம் பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. மடியில் கைப்பை. பலகை நகர்ந்தது. கொஞ்சத் தூரம் அது ஓர் ஊர்வலம்போல மரியாதையாகத்தான் வந்தது. பிறகு வேகம் பிடித்தது. சேலை காற்று நிறைந்து குடைபோல எழும்பித் தலையை மூடியது. கைப்பை ஒரு பக்கம் பறந்தது. குடைக்குள்ளிருந்து குரல் வந்தது:

“முருகா! டேய் பத்மநாதா! நாசமறுவானே!”

கீழே வந்து பலகை மணலில் குத்தி நின்றது. கமரா ஓடிப்போய் முகத்துக்குக் கிட்ட நின்றது. முகம் முழுக்கச் சிவப்பு மணல். அவர் தம்பியை ஏசுவதற்காக வாயைத் திறந்தார். மேல்வாயில் ஒரு பல்லும் இல்லை.

“ஐயோ அக்கா, பல்லு!” என்றது பத்மநாதனின் குரல்.

அதற்குப் பிறகு, மணலில் வைத்த கமரா ஓடிக்கொண்டிருக்க, கணக்காளரும் மனைவியும் நாலு காலில் நின்று பாலைவனத்தைத் தோண்டினார்கள். ஹென்ட்ரிக் சமையல் வடிதட்டைக் கொண்டுவந்து மணலை அள்ளி அள்ளி அரித்தான். வெள்ளைக்காரர் இரண்டு பேர், யாரோ அரிய பிராணி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக் கமராக்களோடு ஓடி வந்தார்கள். நடுவில் கமலாம்பிகை, வாயைக் கைலேஞ்சியால் பொத்திக்கொண்டு, எங்கே தோண்ட வேண்டும் என்று விரலால் காட்டிக்கொண்டு நின்றார்.

கமலாம்பிகையின் மேற்பல் வரிசை கட்டின பொய்ப்பல் என்பது லண்டனில் அந்தக் குடும்பத்துக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. கோயிலில் எத்தனையோ பேர் இந்த வயதிலும் இப்படிப் பல்லா என்று வாய்விட்டுக் கேட்டிருக்கிறார்கள். தவநாயகியும் கேட்டிருக்கிறார்.

தவநாயகி திரையைப் பார்த்தார். திரும்பி, சுவரோரக் கதிரையில் நிமிர்ந்திருந்தவரின் வாயைப் பார்த்தார். திரையை மறுபடி பார்த்தார். முதலில் அவருடைய தோள் குலுங்கியது. பிறகு வயிறு. பிறகு அடக்க ஏலாமல் சிரிப்பு வெடித்து வந்தது. இழுத்து இழுத்து, மூச்சு முட்டி, சோபாவில் சரிந்து, சரிந்த பிறகும் நிற்காமல் சிரித்தார்.

கமலாம்பிகை காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பாறைக் கரையில் தான் சொன்னதில் ஓர் எழுத்தும் மாற்றத் தேவையில்லை என்பது அவருக்கு உறுதியாயிற்று. வாய்வரை வந்தது. சுகந்தினியின் கையிலிருந்த நீலக் கோட்டைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

“பல்லுக் கிடைச்சதோ?” என்று பாலேந்திரா உண்மையான கவலையோடு கேட்டார்.

“கிடைச்சது,” என்றார் கமலாம்பிகை. “இல்லாட்டி உங்கட பணியாரத்தை நான் என்னத்தால கடிக்கிறது?”

பணியாரம் பெண் வீட்டாருடையதுதான். அதை யாரும் திருத்தவில்லை.

தவநாயகி கண்ணைத் துடைத்தார். “கோட்டுகளைக் கொண்டுபோய் வையுங்கோ பிள்ளை,” என்றார் சுகந்தினியிடம். பிறகு கமலாம்பிகை பக்கம் திரும்பினார். “அக்கா, எங்கட சுவிஸ் வீடியோவில முதலில இருந்து கடைசி மட்டும் பாட்டுப் போட்டது ஏனெண்டு நினைச்சனீங்கள்? அந்த மலையில நிண்டு உங்களைப் பற்றி நான் கதைச்சது கொஞ்சமோ?”

“என்ன கதைச்சனீங்கள்?”

“சாதகம் பொருந்தினாப் பிறகு சொல்லுறன்.”

“பொருந்தாட்டி?”

“பொருந்தாட்டிக் கசெற்றை அனுப்பி வைக்கிறன்.”

சாதகம் பொருந்தியது. பொருந்தாமல் விட்டிருந்தாலும் பொருந்தியிருக்கும். சாத்திரியாரிடம் போனது கமலாம்பிகை. அடுத்த ஆவணியில் கலியாணம் நடந்தது. பெனடிக்ற்தான் வீடியோ எடுத்தான். மணவறையில் தம்பதியரை இதயத்துக்குள் வைத்தான், தாமரைக்குள் வைத்தான். முழு நீளத்துக்கும், கமலாம்பிகையின் கட்டளைப்படியே, சினிமாப் பாட்டுப் போட்டான்.

மணல் மலைத் துண்டு கைக்குக் கை மாறி வெம்பிளி முழுக்கப் போய்வந்துவிட்டது. எவனோ ஒருவன் அதற்கும் கெட்டிமேளம் சேர்த்திருக்கிறான். அதில் குடும்பம் குறை சொல்ல ஒன்றுமில்லை, காட்டியது குடும்பம்தான்.

ஆனால் லூயிஷாம் கோயிலில், அன்னதான வரிசையில் நின்று, சிலர் இன்னொரு கதை சொல்கிறார்கள். அன்று கமலாம்பிகை எழுந்துபோய், தவநாயகியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, கண் கலங்கி, மன்னிப்புக் கேட்டாராம். அதனால்தான் சம்பந்தம் ஒப்பேறியதாம்.

அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கமலாம்பிகை கதிரையை விட்டு எழும்பவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.